‘சங்கடம் உண்டா?’ என்று எந்த மொழியில் கேட்பது: பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களும் மனநல விழிப்புணர்வும்

மனநோயை முன்கூட்டியே கண்டறிய வேண்டும் என்ற அழைப்பைக் கேரளப் பொதுச் சுகாதாரத் துறை சில ஆண்டுகளாகத் தொடர்ந்து விடுத்துவருகிறது. 2017இல் தொடங்கிய ஆர்த்ரம் இயக்கத்தின் கீழ் குடும்ப ஆரோக்கிய மையங்களில் ‘ஆஸ்வாசம்’ என்ற பெயரில் மனச்சோர்வுச் சிகிச்சைப் பிரிவுகள் திறக்கப்பட்டன. ‘சம்பூர்ண மானசிகாரோக்கியம்’ திட்டத்தில் ஆஷா பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று, அறிகுறி உள்ளோரை அடையாளங்கண்டு சுகாதார நிலையத்துக்கு வழிகாட்டுகின்றனர். கருவுற்ற, பிள்ளைபெற்ற தாய்மாருக்கென ‘அம்ம மனஸ்’ உண்டு. மனநல மருத்துவத்தை ஊளம்பாறை மதிற்சுவருக்குள்ளிருந்து ஊராட்சிக்கு இறக்கிக் கொண்டுவந்த இம்முயற்சி பாராட்டுக்குரியது என்பதில் ஐயமில்லை. ஆனால் பாறசாலை, காரோடு, கொல்லயில், குன்னத்துக்கால், வெள்ளறடை என்று தமிழக எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஊர்களில் இவ்வழைப்பு யார் காதில், எந்தச் சொல்லாக விழுகிறது என்ற கேள்வியைக் கேட்காமல் இதன் வெற்றியையோ தோல்வியையோ மதிப்பிட முடியாது.

தேவை பெரிது என்பதை எண்களே சொல்கின்றன. 2015-16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, இந்தியாவில் நோயின் வகைக்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறாமல் இருப்பதாகக் கண்டது. அக்கணக்கெடுப்பு நடந்த 12 மாநிலங்களில் கேரளமும் தமிழ்நாடும் உண்டு. 2022ஆம் ஆண்டுக்கான தேசியக் குற்ற ஆவணக் காப்பக அறிக்கையின்படி ஒரு இலட்சம் பேருக்குத் தற்கொலை வீதம் நாட்டளவில் 12.4, கேரளத்தில் 28.5, தமிழ்நாட்டில் 25.9. எல்லைக்கோட்டின் எந்தப் பக்கம் நின்றாலும் இவ்வட்டாரம் நாட்டுச் சராசரியின் இருமடங்குக்கு மேற்பட்ட துயரத்துக்குள்ளேதான் நிற்கிறது. எழுத்தறிவிலும் மருத்துவமனை எண்ணிக்கையிலும் முன்னணியில் உள்ள இரு மாநிலங்களின் கதை இது.

முன்கூட்டியே கண்டறிதல் பயன் தரும் என்பதற்குச் சான்று உண்டு. அச்சான்று எதைச் சொல்கிறது என்பதைக் கவனமாகப் படிக்க வேண்டும். நார்வேயின் ரோகலான்ட் பகுதியில் 1997இல் தொடங்கிய ‘டிப்ஸ்’ ஆய்வு இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. செய்தித்தாள், வானொலி, பள்ளிகள் வழியாகத் தீவிரப் பரப்புரை ஒருபுறம்; அழைத்தால் தாமதமின்றி வந்து பார்க்கும் கண்டறிதல் குழு மறுபுறம். உளப்பிணி அறிகுறி தோன்றியதிலிருந்து சிகிச்சை தொடங்கும்வரை கழியும் காலத்தின் இடைநிலை அங்கே 5 வாரமாகக் குறைந்தது; ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட பகுதிகளில் அது 16 வாரமாக இருந்தது. பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது முழுமையாக மீண்டெழுந்தவர்களின் விகிதம் ரோகலான்டில் ஏறத்தாழ இருமடங்கு. இவ்வளவையும் மேற்கோள் காட்டுவோர் பலர். இதன் பின்கதையைச் சொல்வோர் சிலரே. பரப்புரையை நிறுத்தியதும் அக்காலம் மீண்டும் 15 வாரமாக நீண்டுவிட்டது. குழு அப்படியே இருந்தது. ஊரின் காதில் விழுந்துகொண்டிருந்த குரல் மட்டும் நின்றுபோயிருந்தது. விழிப்புணர்வு தடுப்பூசி போன்றதன்று, ஒருமுறை குத்திவிட்டு நகர்ந்துவிடுவதற்கு. அக்டோபர் 10 அன்று பதாகை பிடித்து நடக்கும் பள்ளிப் பிள்ளைகளின் ஊர்வலம் நவம்பரில் எவர் நினைவிலும் இருப்பதில்லை.

இன்னொன்றையும் பிரித்தறிய வேண்டும். டிப்ஸ் ஆய்வு பேசியது உளப்பிணியைப் பற்றி. மனச்சோர்வைப் பற்றி அன்று. பொதுமக்கள் எல்லோரையும் வினாநிரல் கொண்டு சலித்து மனச்சோர்வைக் கண்டறிவதைப் பிரித்தானியத் தேசியச் சலிப்புக் குழு பரிந்துரைப்பதில்லை. வில்சனும் யுங்னரும் 1968இல் உலகச் சுகாதார நிறுவனத்துக்காக வகுத்த நெறிகள் நோயறிதலும் சிகிச்சையும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்பதை ஒரு முன்நிபந்தனையாகவே வைத்தன. ஆகவே எத்தனை பேரைச் சலித்தோம் என்ற எண் ஒரு திட்டத்தின் உழைப்பைக் காட்டலாம், பயனைக் காட்டாது. அரசு அறிக்கைகளில் இத்திட்டங்கள் பெரும்பாலும் பயனாளிகளின் எண்ணிக்கையாகவே தோன்றுகின்றன. முதல் அறிகுறிக்கும் முதல் மாத்திரைக்கும் இடையே கழிந்த மாதங்கள், ஓராண்டுக்குப் பின்னும் சிகிச்சையில் தொடர்வோர் ஆகியவையே எண்ணத்தக்கவை.

இனி மொழிக்கு வரலாம். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசின் கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற்றிருந்த நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. கோடு நிலத்தில் விழுந்தது, பேச்சில் விழவில்லை. களியக்காவிளைச் சந்தையிலும் பாறசாலைச் சந்திப்பிலும் ஒலிப்பது ஏறக்குறைய ஒரே பேச்சுதான். எல்லைக்கு இப்பால் வீட்டில் அதைப் பேசுவோரில் பலர் மலையாள வழியில் படித்தவர்கள்; தமிழ் எழுத்தை வாசிக்கத் தெரியாதவர்கள். வாசிக்கத் தெரிந்த முதியோருக்கோ மலையாள அலுவல் நடை அயலானது.

இதைச் சுட்டியவுடன் தமிழ்ப்புலத்தில் எழும் முதல் குரல், ‘எல்லாவற்றையும் தமிழில் மொழிபெயர்த்துக் கொடுங்கள்’ என்பதாகவே இருக்கும். உரிமை என்ற வகையில் அக்குரல் நியாயமானது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் தொடர்பு கொள்ள இடமளிக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, நோயாளி தன் நோயைப் பற்றியும் சிகிச்சையைப் பற்றியும் தனக்குப் புரியும் மொழியிலும் வடிவத்திலும் தகவல் பெறும் உரிமையை உறுதிசெய்கிறது. ஆனால் சென்னையில் அச்சான துண்டறிக்கையைக் குன்னத்துக்காலில் கொண்டுவந்து கொடுத்தால் அவ்வுரிமை நிறைவேறிவிடுமா?

‘சங்கடம்’ என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்ளலாம். பொதுத்தமிழில் அது பெரும்பாலும் தர்மசங்கடத்தின் சங்கடம், கூச்சம், இக்கட்டு. மலையாளத்தில் அது துயரம், அழுகைக்கு முந்தைய கனம். எல்லைத் தமிழில் ‘எனக்குச் சங்கடமாட்டு இருக்கு’ என்று ஒரு பெண் சொன்னால் அவள் துக்கத்தைச் சொல்கிறாள். மதுரையிலிருந்து வந்த மருத்துவர் அதைச் சிறு மனக்குறையாகக் கேட்டுவிட்டு நகரலாம். ‘பேடி’ என்பது இங்கே அச்சம். ‘ராத்திரி ஒரே பேடி’ என்பது பதற்ற நோயின் முதல் வாக்குமூலமாக இருக்கலாம். பொதுத்தமிழில் அச்சொல் ஒரு வசை. ‘சூக்கேடு மாறுமா’ என்ற கேள்வியில் ‘மாறுதல்’ என்பது குணமாதல். எழுத்துத் தமிழ் மட்டும் அறிந்தவர் நோய் வேறொன்றாக உருமாறுமா என்று கேட்பதாக எண்ணக்கூடும். ‘வெப்ராளம்’ என்ற சொல்லில் பரபரப்பும் தவிப்பும் நெஞ்சுத் துடிப்பும் ஒருசேர அடங்கியிருக்கின்றன; இதற்கு நிகராக எந்தத் தமிழ்க் கலைச்சொல் அகராதியிலும் ஒற்றைச் சொல் கிடைப்பது அரிது.

மறுபுறம், பொதுத்தமிழின் மனநலச் சொற்களே தெளிவாக இல்லை. ‘மன அழுத்தம்’ என்பதை நாளிதழ்கள் அன்றாட நெருக்கடிக்கும் பயன்படுத்துகின்றன, மருந்து தேவைப்படும் மனச்சோர்வு நோய்க்கும் பயன்படுத்துகின்றன. மலையாளம் இவ்விரண்டையும் ‘சம்மர்த்தம்’, ‘விஷாதம்’ என்று பிரித்து வைத்திருக்கிறது. தேர்வுக்கு முந்தைய இரவில் ஒரு மாணவனுக்கு வருவதும், மூன்று மாதமாகக் குளிக்கவும் மனமின்றிப் படுத்துக்கிடக்கும் அவன் தாய்க்கு வந்திருப்பதும் ஒரே சொல்லால் குறிக்கப்படும் மொழியில், ‘மன அழுத்தமா, மருத்துவரை அணுகுங்கள்’ என்ற வாசகம் யாரை அழைக்கிறது? இவ்விடத்தில் மலையாளத்திடமிருந்து தமிழ் கற்றுக்கொள்வதில் மானக்கேடு ஏதுமில்லை.

வினாநிரல்களுக்கு இச்சிக்கல் நேரடியாகப் பொருந்தும். உலகெங்கும் புழங்கும் ஒன்பது கேள்விப் பட்டியல், ‘கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள்’ என்று கேட்கும். பதிலை நான்கு படிகளில் வைக்கச் சொல்லும். வெள்ளறடைப் பக்கம் மலையடிவாரத்தில் ரப்பர்ப்பால் எடுக்கப் போகும் ஒரு பெண்ணைக் கற்பனை செய்துபார்க்கலாம். ஆஷா பணியாளர் திண்ணையில் உட்கார்ந்து, ‘அம்மச்சி, மனசுக்கு விஷமம் வல்லதும் உண்டா?’ என்கிறார். ‘எனக்கு ஒண்ணும் இல்ல மக்களே. தலைக்கு ஒரு பெருப்பு. கையும் காலும் கடச்சல். ஒறக்கம் மட்டும் இல்ல.’ படிவத்தின் முதல் கேள்விக்கு விடை ‘இல்லை’. ஆனால் அவ்விடையிலேயே நோய் முழுவதும் இருக்கிறது. 14 நாடுகளில் நடந்து 1999இல் வெளியான ஆய்வொன்றில் மனச்சோர்வுற்ற நோயாளிகளில் 69 விழுக்காட்டினர் உடல் உபாதைகளை மட்டுமே சொல்லி மருத்துவரிடம் வந்தனர். அதில் பெங்களூரும் ஒரு களம். உடம்பின் வழியே மனத்தைச் சொல்வது இவ்வட்டாரத்துப் பாமரத்தனம் அன்று, உலக வழக்கு. எந்த உறுப்பை, எந்தச் சொல்லால் சொல்வது என்பது மட்டுமே ஊருக்கு ஊர் வேறுபடும்.

சொற்களில் கொடியது ஓர் ஊரின் பெயர். திருவனந்தபுரத்து ஊளம்பாறையில் மனநல மருத்துவமனை 1870இல் தொடங்கியது. நூற்றைம்பது ஆண்டுகளில் இடப்பெயர் வசைச்சொல்லாக மாறிவிட்டது. தமிழகத்துக்குக் கீழ்ப்பாக்கம் எப்படியோ, வட கேரளத்துக்குக் குதிரவட்டம் எப்படியோ, தெற்குக்கு ஊளம்பாறை அப்படி. பலகையில் ‘மனநல மையம்’ என்று எழுதிவிடலாம்; பேச்சு பலகையைப் படிப்பதில்லை. இந்த வகையில் ‘ஆஸ்வாசம்’ என்ற பெயர்த்தேர்வு நுட்பமானது. நோயின் பெயரும் அதில் இல்லை, மருத்துவமனையின் பெயரும் இல்லை; தமிழிலும் ‘ஆசுவாசம்’ என்று அச்சொல் வாழ்கிறது, எல்லையின் இருபுறமும் இளைப்பாறுதலையே நினைவூட்டுகிறது. திட்டத்தின் மிகச் சிறந்த மொழிச் செயல்பாடு அதன் தலைப்புதான் என்று தோன்றுகிறது. கீழே உள்ள வரிகள் அந்த உயரத்துக்கு வரவில்லை.

‘மற்ற நோய்களைப் போல இதுவும் ஒரு நோய்’ என்ற வாசகம் அவ்வரிகளுள் ஒன்று. இது உண்மை, ஆனால் போதாது. அமெரிக்காவில் 1996க்கும் 2006க்கும் இடையே மனநோய் மூளை சார்ந்தது என்று ஏற்றுக்கொண்டோரின் விகிதம் கூடியது. அப்படிப்பட்டவரோடு பழகவோ மணவுறவு கொள்ளவோ தயங்குவது குறையவில்லை. இங்கே கதை அதைவிடக் கடினமானது. மனச்சிதைவு பெரும்பாலும் பதின்பருவத்தின் முடிவிலும் இருபதுகளிலும் தலைகாட்டும். கல்யாண ஆலோசனைகள் வரும் வயதும் அதுதான். விளவங்கோட்டுப் பெண் நெய்யாற்றின்கரைக்கும், நெய்யாற்றின்கரைப் பெண் விளவங்கோட்டுக்கும் வாழ்க்கைப்படுவது தலைமுறை வழக்கம். ஒரு சீட்டில் எழுதப்பட்ட நோய்ப்பெயர் இரு மாநிலங்களின் உறவுமுறைக்குள்ளும் ஒரே வாரத்தில் பரவிவிடும். 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் மனநோயை இன்றும் திருமணத் தகுதியின் நிபந்தனைக்குள்ளும் மணவிலக்குக் காரணங்களுக்குள்ளும் வைத்திருக்கிறது. அதே நிபந்தனையில் இருந்த வலிப்பு நோயை 1999இல் நாடாளுமன்றம் நீக்கியது, மனநோய் நின்றுவிட்டது. சட்டப்புத்தகம் ‘இது மற்ற நோய்களைப் போன்றதன்று’ என்று சொல்லிக்கொண்டிருக்க, சுவரொட்டி ‘மற்ற நோய்களைப் போன்றதே’ என்கிறது. மகளை மூன்று ஆண்டுகள் வீட்டுக்குள் மறைத்துவைக்கும் தாயை அறியாமை பிடித்தவள் என்று ஒதுக்குவது எளிது. உண்மையில் அவள் கணக்குப் போட்டுப் பார்த்தவள். முன்கூட்டியே கண்டறிவதன் விலையை அவள் அறிவாள். அதன் பலன் மட்டும் அவளுக்கு இன்னும் காட்டப்படவில்லை.

அப்பலனைக் காட்ட வேண்டியவர் அண்டைவீட்டு ஆஷா பணியாளர். இது திட்டத்தின் வலிமையும் அதன் ஓட்டையும் ஆகும். ஊர்ப்பேச்சு அவருடையது, ‘கடச்சல்’ என்றால் என்னவென்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. படிவம்தான் அவருடைய காதைக் கட்டிப்போடுகிறது. அதே வேளையில் அவர் அதே தெருவில் வாழ்பவர், அதே ஆலயத்துக்கோ கோயிலுக்கோ போகிறவர். அவர் குறிப்பேட்டில் பெயர் ஏறுவது ஊர்வாயில் பெயர் ஏறுவதாகவே அஞ்சப்படும். 2025 பிப்ரவரி 10 அன்று இப்பணியாளர்களில் ஒரு பகுதியினர் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் போராட்டத்தைத் தொடங்கியபோது அவர்களுடைய மாத மதிப்பூதியம் 7,000 ரூபாய், கேட்டது 21,000. தாய்சேய் நலம், தடுப்பூசி, நீரிழிவு, காசநோய் என்று அடுக்கிய மூட்டையின் மேல் மனநலத்தையும் ஏற்றிவிட்டு, ‘நிதானமாக உட்கார்ந்து கேளுங்கள்’ என்று சொல்வது எளிது. மனச்சோர்வைக் கேட்டறிய நேரம் வேண்டும். நேரத்துக்கு ஊதியம் வேண்டும்.

கண்டறிந்த பின் எங்கே போவது? எல்லைக் குடும்பத்துக்குக் குறைந்தது நான்கு வாசல்கள்: பாறசாலை மருத்துவமனை, நெய்யாற்றின்கரைப் பொது மருத்துவமனை, ஊளம்பாறை, அந்தப் பக்கம் ஆசாரிப்பள்ளத்தில் கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி. இலண்டன் மிஷன் 1838இல் நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கிய நாளிலிருந்து இம்மக்கள் நோயோடு கிழக்கு நோக்கி நடந்து பழகியவர்கள். இன்று வழியில் ஒரு மாநில எல்லை குறுக்கிடுகிறது என்பதற்காக அப்பழக்கம் நின்றுவிடாது. நின்றுவிடுவது ஆவணம். இங்கே மலையாளத்தில் எழுதிய குறிப்பை அங்கே எத்தனை பேர் வாசிப்பார்கள்? மகன் வீட்டுக்குக் களியக்காவிளை தாண்டிப் போய் இரண்டு மாதம் தங்கும் ஒரு முதியவளின் மாத்திரை யார் கணக்கில் வரும்? ‘சிகிச்சையை இடைநிறுத்தியவர்’ என்று ஒரு மாநிலத்தின் பதிவேடு எழுதும். மறு மாநிலத்தில் அவர் ‘புதிய நோயாளி’. டெலி-மானஸ் உதவி எண் 14416 இரு மாநிலத்துக்கும் ஒன்றே. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய அச்சேவை 20 மொழிகளில் என்று அறிவிக்கப்பட்டது. எல்லைப்பேச்சு அந்த இருபதில் எங்கே சேரும் என்பது மொழியியலார் மட்டும் கவலைப்படும் கேள்வியாக இருக்கக் கூடாது.

ஐந்தாவது வாசல் ஒன்றும் உண்டு. பெரும்பாலோருக்கு அதுவே முதல் வாசல். ஜெபக்கூட்டம், மந்திரவாதம், பீமாபள்ளி. பகுத்தறிவாளர் இதைக் கேட்டதும் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியோடு எரிந்துபோன 28 பேரை நினைவூட்டுவார்கள், நினைவூட்டத்தான் வேண்டும். ஆனால் அதே ஏர்வாடியில் பின்னர் தர்காவின் அருகிலேயே மனநல மருத்துவரை உட்காரவைத்து, மருந்தும் துஆவும் சேர்ந்தே கிடைக்கச் செய்த ஏற்பாட்டையும் சேர்த்து நினைக்க வேண்டும். மாநகரம் என்பதால் நிலைமை வேறு என்று கருதவும் இடமில்லை. சாரதா மேனன் 1984இல் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பின் ஆய்வாளர்கள், பல்லாண்டு மனச்சிதைவோடு வாழ்ந்தும் ஒருமுறைகூட மருந்து பெறாதவர்களைச் சென்னையிலேயே கண்டு எழுதியுள்ளனர். பரப்புரை ஊழியர் ஒரு போதகரையோ பூசாரியையோ ஒருநாள் கூட்டத்துக்கு விருந்தினராக அழைத்துப் பொன்னாடை போர்த்துவதோடு நிறுத்திக்கொள்கிறார். ‘மூன்று இரவு உறங்காதவரை எங்களிடமும் அனுப்புங்கள்’ என்று அவரிடம் கேட்பதற்குப் பொன்னாடை தேவையில்லை.

வேலை எங்கே தொடங்கலாம் என்பதற்கு ஒரு முன்மாதிரி அருகிலேயே இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனச்சோர்வைச் சலிப்பதற்கென்றே நான்கு கேள்விகள் மட்டும் கொண்ட வினாநிரல் ஒன்றைத் திருவனந்தபுரத்து மருத்துவ ஆய்வாளர்கள் உருவாக்கிச் சோதித்து 2017இல் வெளியிட்டனர். படிக்கணக்கு இல்லாமல் ஆம், இல்லை என்று விடை சொல்லும்படியான சிறு கருவி. அதை எல்லைப்பேச்சில் சொல்லிப் பார்த்து, ‘சங்கடம்’, ‘பேடி’, ‘வெப்ராளம்’, ‘பெருப்பு’, ‘கடச்சல்’ ஆகியவற்றில் எது மனச்சோர்வோடு பொருந்தி நிற்கிறது, எது வெறும் வேலைக்களைப்பு என்று மருத்துவரின் நேர்காணலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது முனைவர் பட்ட ஆய்வொன்றின் அளவே ஆன வேலை. அதற்கு வேண்டிய துறைகளும் தொலைவில் இல்லை. நாகர்கோவில் வடசேரிக்காரரான வ.அய். சுப்பிரமணியம் கேரளப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறையைக் கட்டியெழுப்பினார். 1974இல் வெளிவந்த மலையாளக் கிளைமொழி அளவாய்வை நடத்தினார். திராவிட மொழியியல் கழகத்தைத் திருவனந்தபுரத்தில் நிறுவினார். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராகவும் இருந்தார். அவர் வளர்த்த கிளைமொழி ஆய்வு மரபில் உறவுப்பெயர்களுக்கும் உழவுச்சொற்களுக்கும் பட்டியல்கள் உண்டு. நோய்ச்சொற்களுக்கான பட்டியலைத் தொகுக்க வேண்டிய மாணவர்கள் காரியவட்டத்திலும் நாகர்கோவிலிலும் இருக்கிறார்கள். பாறசாலை இரண்டுக்கும் நடுவே, பேருந்து நிற்கும் ஊர்.